லோக் தவுக்கேயின் வெட்டு மெஷின்

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் அச்சுக்கடையில் தாள் வெட்டும் கட்டரின் கைப்பிடி முறிந்தது. தண்ணீர்ப் பந்தல் நோட்டீஸ் கட்டு பாதி வெட்டுப்பட்டு நிற்க, கைப்பிடி மட்டும் யுகேந்திரன் கையோடு வந்துவிட்டது. அவன் அதைப் பிடித்தபடியே பின்பக்கமாகத் தடுமாறிப் போய், காலண்டர் அட்டை அடுக்கியிருந்த மூலையில் தொப்பென்று உட்கார்ந்தான். துளசி சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாத நேரத்தில்தான் சிரிப்பு வந்து தொலைக்கும். அன்று முழுவதும் அவன் மனைவியோடு பேசவில்லை.

ஈப்போவில், புந்தோங் பக்கம், கச்சான் கடலை வறுக்கும் வாசனை வீசும் வரிசையில் அவர்கள் கடை இருந்தது. முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே கணினி, அதற்குப் பின்னால் கலர் பிரிண்டர், கடைசியில் கட்டர். கணினியும் பிரிண்டரும் துளசி பொறுப்பு. வெட்டுவது, கட்டுவது, கொண்டுபோய்க் கொடுப்பது யுகேந்திரன் வேலை. காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா, பதினாறாம் நாள், சாப்பாட்டுக் கடை விலைப்பட்டியல் என்று புந்தோங்காரர்கள் பிறந்து வளர்ந்து போய்ச் சேரும்வரை தேவைப்படும் தாளெல்லாம் அங்கேதான் அச்சானது. ஜனங்கள் அச்சடிப்பதைத்தான் பெரிய வேலை என்று நினைக்கிறார்கள். பித்தானை அமுக்கினால் அச்சு தானாக வரும். வெட்டுதான் வேலை. கோணலாக வெட்டிய கார்டை வாங்கிப் போகிறவன், ஏனென்று தெரியாமலே அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவான்.

ஆகவே கட்டர் வாங்கியே ஆக வேண்டும். எதை வாங்குவது என்பதில்தான் வந்தது வினை.

துளசி மனதில் இருந்தது சிம்பாங் பூலாயில் ஒரு கடையில் பார்த்த புது மெஷின். இடுப்பு உயரம்தான் இருக்கும். அளவை எண்ணால் தட்டினால் பின்னாலிருக்கும் கட்டை தானே நகர்ந்து வந்து நிற்கும். இரண்டு கையாலும் இரண்டு பித்தானை அமுக்கினால்தான் கத்தி இறங்கும். கடைக்காரச் சீனப் பையன் வெட்டிக் காட்டினான். அவள் கையோடு கொண்டுபோயிருந்த அட்டைக் கட்டைக் கொடுத்து, இதை வெட்டு பார்ப்போம் என்றாள். வெட்டியதும் கட்டின் மேல் அட்டையையும் அடி அட்டையையும் உருவி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டும் ஒரே அளவாக இருந்தன. அவளுக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு சமயத்தில் அதிகம் வைத்து வெட்ட முடியாது, பெரிய தாளும் நுழையாது.

யுகேந்திரன் மனதில் இருந்தது வேறு. பழைய டவுனில் சீன முதலாளி லோக் தவுக்கே தன் அச்சகத்தை மூடப் போகிறார் என்ற சேதி அவன் காதுக்கு எட்டியிருந்தது. அந்த அச்சகத்தில்தான் அவன் படிவம் மூன்றோடு படிப்பை விட்டுவிட்டு வேலைக்குச் சேர்ந்தான். அங்கே ஒரு வெட்டு மெஷின் இருந்தது. பச்சை வண்ணம் பூசிய இரும்பு. ஆள் உயரம். கட்டில் மாதிரி அகலம். வேலைக்குச் சேர்ந்து நெடுங்காலம் அவன் அந்த மெஷினுக்கு அடியில் குப்பை கூட்டியிருக்கிறான், எண்ணெய் துடைத்திருக்கிறான். கை வைக்க மட்டும் விடமாட்டார் தவுக்கே. ஒருமுறை அசதியில் அதன்மேல் சாய்ந்து நின்றதற்கு இரும்பு ரூலால் முழங்கையில் வாங்கினான். அந்த அடி அவனுக்கு வலித்ததைவிட அதிகமாக மனதில் தங்கிவிட்டது. சொந்தக் கடை வைத்து இவ்வளவு காலம் ஆகியும் பழைய டவுன் பக்கம் போனால் அந்த அச்சகத்து வாசலில் ஒரு நிமிடம் நின்று உள்ளே எட்டிப் பார்க்காமல் வரமாட்டான்.

இருவரும் போனார்கள். லோக் தவுக்கே பனியனோடு உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கிழவர் இப்போது ரொம்ப மெலிந்திருந்தார். பிள்ளைகள் எல்லாரும் ஆஸ்திரேலியாவில். வெட்டு மெஷினை விலைக்குக் கேட்டு வந்திருப்பது தன்னிடம் குப்பை கூட்டிய பையன் என்பதில் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்படியா, எடுத்துக்கொள் என்றார். யுகேந்திரனுக்குத்தான் முகமெல்லாம் சிவந்து போனது.

துளசி இங்கேயும் தன் அட்டைக் கட்டை நீட்டினாள். கத்தி இறங்கியபோது தரை அதிர்ந்தது. பக்கத்து மேசையில் கோப்பிக் குவளை குலுங்கியது. அவள் மேல் அட்டையையும் அடி அட்டையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். அடி அட்டை ஒரு நூல் விலகியிருந்தது. தவுக்கேயே மலாயில் விவரம் சொன்னார். வெட்டும்போது தாளை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் கிளாம்பு தேய்ந்து தளர்ந்துவிட்டது. கொஞ்சமாக வைத்து வெட்டினால் குறையில்லை. உயரமாக அடுக்கினால், அதுவும் வழுக்குகிற அட்டை என்றால், அடியில் இருப்பது நழுவும். கிழவர் ஒளிக்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டது துளசி மட்டும்தான். யுகேந்திரன் மெஷினைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். ஒரு கையை அதன் தோள்மேல் போட்டிருந்தான்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஈப்போ மழை சொல்லிவிட்டு வருவதில்லை. வேனின் முன்கண்ணாடி வழியாக எதிரே இருக்கும் சுண்ணாம்பு மலைகூடத் தெரியவில்லை.

"மேலுக்கும் அடிக்கும் ஒரு நூல் வித்தியாசம் வருதுங்க" என்றாள் துளசி. "புதுசு சின்னதுதான். ஆனா நேரா வெட்டுது."

"கிளாம்புதானே. அத ரிப்பேர் பண்ணிக்கலாம் லா."

"அந்தக் காலத்து மெஷினுக்கு எங்க போயி சாமான் தேடுவீங்க?"

அவன் வைப்பரை வேகமாக்கினான். பிறகு உண்மைக் காரணம் வெளியே வந்தது.

"இங்க பாரு. அங்கிளும் ஆண்ட்டியும் கடையப் பாக்க வாரேன்னு சொல்லியிருக்காங்க. வந்து என்னத்தப் பாப்பாங்க? அந்தப் புதுசு பொம்ம மாதிரி இருக்கு. மைக்ரோவேவ்னு நெனச்சிக்கப் போறாங்க. கடைன்னா உள்ள நுழைஞ்சதும் ஒரு மெஷின் நிக்கணும்."

அங்கிளும் ஆண்ட்டியும் என்றால் ஸ்கந்தராஜா, விமலாதேவி. யுகேந்திரனின் தங்கை தினேஸ்வரியைத் தங்கள் மகன் மிதுலனுக்கு எடுக்கப் போகிறவர்கள். எடுக்கப் போகிறவர்கள் என்று நாம் சொல்கிறோம். விமலாதேவியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். சிலோன்காரக் குடும்பம். ஸ்கந்தராஜா அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். யுகேந்திரனின் அப்பா பிச்சைமுத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பிச்சைமுத்துவின் காலத்தில் மரம் வெட்டுகிறவன் கிராணி வீட்டுப் படிக்குக் கீழே நின்றுதான் பேச வேண்டும். தோட்டமெல்லாம் போய்ச் செம்பனையும் தாமான் குடியிருப்புமாக மாறிவிட்டது, அந்தப் படி மட்டும் சிலர் வீட்டில் இன்னும் இருக்கிறது. மிதுலன் லூமுட்டில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் இன்ஜினியர். தினேஸ்வரி அதே ஊரில் கிளினிக்கில் நர்ஸ். பிள்ளைகள் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். ஸ்கந்தராஜா, சரி என்றார். விமலாதேவி, வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான். சொல்வதற்கு ஒரு காரணம் கிடைக்கட்டும் என்று காத்திருக்கிறார் என்பது துளசிக்குத் தெரிந்தது. பெண்களுக்கு இது தெரியும்.

தினேஸ்வரிக்குத் தாயும் தகப்பனும் இல்லை. தாய் முத்தம்மா போய்ச் சேர்ந்தபோது தினேஸ் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். துளசி கல்யாணமாகி வந்த புதிது. அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னியதும், முதன்முதலாக ஒதுங்கி உட்கார்ந்தபோது நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்ததும், நர்ஸ் படிப்புக்குப் போகும்போது பேருந்து நிலையத்தில் நின்று அழுததும் துளசிதான். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. அதை அவள் பெரிதாக நினைத்துக்கொள்வதும் இல்லை. தினேஸ் இருந்தாள். அந்தக் கல்யாணம் கெட்டுவிடக் கூடாது என்பது யுகேந்திரனைவிட அவளுக்குத்தான் அதிகம். அதனால்தான் வேனில் அவள் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. மெஷின் பெரிதாக இருந்தால் விமலாதேவி கொஞ்சம் அடங்குவார் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

மெஷின் வந்து இறங்கிய நாள் புந்தோங்கில் ஒரு திருவிழாதான். கண்ணாடிக் கதவைக் கழற்றினார்கள். கிரேன் லோரி சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. கச்சான் கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைத் தரையில் நான்கு டைல்ஸ் உடைந்தன. யுகேந்திரன் மஞ்சளும் குங்குமமும் தடவி, எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாருக்கும் தே தாரேக் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தான். சாயங்காலம் ஆட்கள் போன பிறகு ஒரு காரியம் செய்தான். மெஷின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். துளசிக்கு அப்போது அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. ஒரு மனிதனுக்கு இவ்வளவு சின்ன ஆசை இருந்து, அது நிறைவேறினால் யார்தான் என்ன சொல்ல முடியும்.

பெரிய மெஷினால் வேலையும் வந்தது. அதை இல்லையென்று சொல்லக் கூடாது. பிரிண்டர் வைத்திருக்கும் கடைகள் நிறைய, கட்டர் வைத்திருக்கும் கடைகள் கொஞ்சம். ஈப்போ கார்டன், கம்பார் ரோடு என்று பல இடத்துச் சீனக் கடைகள் அச்சடித்த தாளை அப்படியே வேனில் ஏற்றி யுகேந்திரனிடம் வெட்ட அனுப்பின. கிளாம்பை ரிப்பேர் செய்யும் பேச்சு மட்டும் நாளை, மறுநாள் என்று போனது. அடியில் ஓர் அட்டை, மேலே ஓர் அட்டை, கட்டைச் சின்னதாக வை என்று துளசி சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் நிற்கும்போது அவன் அப்படித்தான் வெட்டினான்.

தினேஸ்வரியின் கல்யாணக் கார்டை அண்ணன் கடையில்தான் அடிப்பது என்று ஆனது. வேறெங்கே அடிப்பார்கள்? தந்த நிற அட்டையில் மெரூன் எழுத்து, பொன் வேலைப்பாடு. பிச்சைமுத்து – முத்தம்மா தம்பதியரின் மகள் என்று போட்டு, அழைப்பவர்கள் இடத்தில் அண்ணன் யுகேந்திரன், அண்ணி துளசி என்று போட்டாள். தன் பெயரைத் தானே தட்டும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினாள்.

அதே நேரம் இன்னொரு வேலையும் வந்தது. ஸ்கந்தராஜாவோடு ஒரே அலுவலகத்தில் இருந்த விக்னேஸ்வரன் என்பவர் தவறிவிட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அழைப்பு அடிக்க வேண்டும். சம்பந்தி கடை இருக்கிறதே என்று ஸ்கந்தராஜாவே அந்த வீட்டாரை அனுப்பி வைத்தார். யுகேந்திரனுக்குத் தலைகால் புரியவில்லை. சிலோன்காரர்கள் வேலை தன் கடைக்கு வருகிறது! கல்யாணக் கார்டு அட்டையையே போடலாம், உயர்ந்ததாக இருக்கட்டும் என்றான்.

சின்ன அச்சுக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு பெரிய தாளில் ஒரு வேலை மட்டும் போட்டால் ஓரம் வீணாகும். அதனால் இரண்டு மூன்று வேலையைச் சேர்த்து ஒரே தாளில் அடித்துப் பிறகு வெட்டிப் பிரிப்பார்கள். காதுகுத்துக்குப் பக்கத்தில் கோயில் ரசீது, அதற்குப் பக்கத்தில் கருமாதி. வாங்கிப் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? துளசியும் அப்படித்தான் செய்வாள். ஆனால் அவளுக்கென்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. கல்யாணத்தையும் சாவையும் ஒட்டி வைக்கமாட்டாள். நடுவில் ஒரு மீ கோரெங் கடை விலைப்பட்டியலாவது இருக்க வேண்டும். யாரும் கேட்காத கட்டுப்பாடு, அவள் மனசுக்கு அது வேண்டியிருந்தது.

இந்தத் தடவை நடுவில் வைக்க ஒன்றுமில்லை. தாளில் ஒரு வரிசை காலியாக இருந்தது, அந்த வரிசை அந்தியேட்டி அழைப்புக்குக் கச்சிதமாக இருந்தது. அவள் தனித்தனியாக அடிக்கலாம் என்றாள். நாளைக்குக் காலையில் அங்கிளும் ஆண்ட்டியும் கார்டு வாங்க வருகிறார்கள், அந்த வேலையும் நாளைக்கே வேண்டும், இரண்டு தடவை ஓட்ட நேரமில்லை என்றான் அவன்.

"சேத்தே போட்டுடு. வெட்டிட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

போட்டாள். அந்தியேட்டி அழைப்பின் கறுப்புக் கரைக்கும் கல்யாணக் கார்டின் ஓரத்துக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி அகலம் இடம் விட்டாள். அவள் கையில் வெட்டியிருந்தால் அது தாராளம். ஆனால் மறுநாள் காலை அவள் பாசாருக்குப் போய் வெற்றிலையும் பூவும் வாங்கி வருவதற்குள், யுகேந்திரன் எல்லாத் தாளையும் ஒரே அடுக்காக உயர்த்தி வைத்து ஒரே வெட்டில் பிரித்துவிட்டான். அவர்கள் வந்து நிற்கும்போது கறுப்புக் கரை கண்ணில் படக் கூடாது என்ற அவசரம். அந்தியேட்டிக் கட்டைச் சுற்றி உள்ளே வைத்தான். கல்யாணக் கார்டில் கடைசி ஓரம் மட்டும் வெட்டாமல் விட்டு வைத்தான், அவர்கள் முன்னால் வெட்டிக் காட்டுவதற்கு.

வந்தார்கள். ஸ்கந்தராஜா வெள்ளைச் சட்டையும் கைக்கடிகாரமுமாக நல்ல மனிதர். விமலாதேவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கத்தி இறங்கித் தரை அதிர்ந்தபோது அவர் காதைப் பொத்திக்கொண்டார். ஸ்கந்தராஜா எழுந்து வந்து மெஷினைத் தட்டிப் பார்த்து, ஜெர்மன் சாமானோ என்று கேட்டார். யுகேந்திரன் முகத்தில் அன்றிருந்த வெளிச்சத்தைத் துளசி அதற்கு முன்பு பார்த்ததில்லை. கட்டை அவிழ்த்து அடியில் இருக்கும் கார்டுகளைப் பார்க்கட்டுமா என்று அவள் கண்ணால் கேட்டாள். அவன் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டான். அவள் மேல் கார்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தாள். அவர்கள் தம்பூன் பொமெலோ பழம் இரண்டு கொண்டுவந்திருந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

அடுத்த வாரம் முன்னறிவிப்பில்லாமல் அவர்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை விமலாதேவி உட்காரவில்லை. கைப்பையிலிருந்து கல்யாணக் கார்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை கறுப்பாக ஒரு நூல் ஓடியது. அவ்வளவு மெல்லிசு. அழுக்கென்று நினைத்துத் துடைத்துப் பார்க்கத் தோன்றும். துளசிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"இதென்ன கறுப்பு, தம்பி?" என்றார் விமலாதேவி.

யுகேந்திரன் கார்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் ஒன்றும் சொல்வதற்குள் அவர் அந்தியேட்டி அழைப்பையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஒரே அட்டை, ஒரே தடிப்பு. இரண்டின் அடியிலும் சின்ன எழுத்தில் ஒரே கடைப் பெயர்.

"செத்தவீட்டுக் கார்டையும் கலியாணக் கார்டையும் ஒரே தாளிலயோ அடிச்சனீங்கள்? இப்பிடிக் கனக் கார்ட் கிடக்குது. நான் பாக்காமல் சனத்துக்குக் குடுத்திருந்தால்?"

ஸ்கந்தராஜாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. வந்த வேலை முடிந்தால் போதும் என்று அவர்தான் ஒரு வழி திறந்து கொடுத்தார்.

"மெஷின் பிழையாயிருக்கும். பழைய மெஷின்தானே. வேற ஒண்டிலயிருந்து மை பட்டிருக்கும். இதைப் பெரிசுபடுத்தாதையும், விமலா."

ஆமாம் அங்கிள், மெஷின் கோளாறுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மாற்றி அடித்துத் தருகிறேன் என்று முடித்திருக்கலாம். பாதி உண்மையும்கூட. துளசி கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் கை மெஷின்மேல் இருந்தது.

"மெஷின்ல ஒண்ணும் பிரச்சினை இல்ல அங்கிள்" என்றான் அவன். "நல்ல மெஷின். துளசிதான் ரெண்டையும் ஒரே தாள்ல போட்டுட்டா. அவளுக்கு இதெல்லாம் தெரியல."

துளசி வாயைத் திறந்தாள். நீங்கதானே போடச் சொன்னீங்க என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் கடைக்குள்ளேயே புருஷனும் பெண்டாட்டியும் சண்டை பிடிப்பதை விமலாதேவி பார்ப்பார். இந்தக் குடும்பத்தோடா சம்பந்தம் என்று இன்றைக்கே முடித்துவிடுவார். தினேஸின் முகம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

விமலாதேவி அப்போதுதான் அவளை முழுதாகப் பார்த்தார். மேலும் கீழுமாக ஒரு பார்வை.

"உமக்குப் பிள்ளையள் இல்லைத்தானே, பிள்ளை?" என்றார்.

குரலில் கோபமே இல்லை. வேண்டிய காரணம் கிடைத்துவிட்டவருக்குக் கோபம் எதற்கு? அவர் கார்டு இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு, கலியாணக் காரியமெல்லாம் கைராசி பார்த்துச் செய்ய வேணும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். ஸ்கந்தராஜா துளசியைப் பார்க்காமல் தலையசைத்துவிட்டுப் பின்னால் போனார்.

அவர்கள் போன பிறகு துளசி தரையில் கிடந்த தாள் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். அவனாகச் சொன்னான். என்ன பண்ணச் சொல்கிறாய், அங்கிள் முன்னால் மெஷின் பழசு என்று ஒத்துக்கொண்டால் கடையே ஒன்றுக்கும் உதவாது என்று ஆகிவிடாதா, பெண்கள் செய்த தவறு என்றால் அவர்களே மறந்துவிடுவார்கள் என்றான். அவன் அதை நம்பித்தான் சொன்னான். அதுதான் துளசிக்குத் தாங்கவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் ஏசிவிட்டாவது ஆறியிருப்பாள். மெஷினா மனைவியா என்று அவனுக்குள் ஒரு கேள்வியே எழவில்லை. கை எதன்மேல் இருந்ததோ அதைக் காப்பாற்றினான்.

தினேஸ்வரி லூமுட்டிலிருந்து பேருந்தில் வந்து இறங்கியபோது நல்ல மழை. துளசி துவாலை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்குப் பிடிக்குமென்று நெத்திலி சம்பாலும் முருங்கைக்காய்க் குழம்பும் வைத்திருந்தாள். தினேஸ் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் பேச்சை எடுத்தாள். கல்யாணம் நிற்கப் போகிறது என்று பயந்து ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் இருந்தாளாம். மிதுலன் அம்மாவோடு சண்டை போட்டானாம். கடைசியில் அவர்கள் ஒரு வழிக்கு வந்திருக்கிறார்களாம். கார்டை வேறு இடத்தில் அடிக்கப் போகிறார்கள்.

"சரி, அடிக்கட்டும்" என்றாள் துளசி.

"அதுல அண்ணன் பேரு இருக்கும் அண்ணி." தினேஸ் துவாலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். "உங்க பேரு வேணாங்கிறாங்க. மணவறை மேல நீங்க வராம இருந்தா போதும்னு சொல்றாங்க. கீழ உக்காரலாம். முன்வரிசையிலயே உக்காரலாம் லா."

துளசி யுகேந்திரனைப் பார்த்தாள். அவன் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஏதோ மலாய்ச் செய்தி ஓடியது.

"நீ என்ன சொன்ன?" என்று தினேஸைக் கேட்டாள்.

"சரின்னு சொல்லிட்டேன்." அவள் கண்ணில் நீர் முட்டியது. "பேருதானே அண்ணி. எனக்கு நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதா?"

யுகேந்திரன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே, கல்யாணம் நடக்கணும்லா, அதுதானே முக்கியம் என்றான். தினேஸ் துளசியின் மடியில் தலையை வைத்து அழுதாள். துளசி அவள் ஈரத் தலையைத் துவட்டிவிட்டாள். கை தானாகத் துவட்டியது. மனசு அந்தக் கையோடு இல்லை. இவ்வளவு காலம் வளர்த்தவளுக்கு ஒரு "முடியாது" சொல்ல இவளுக்கு வாய் வரவில்லையே என்று நினைத்தாள். பிறகு, தனக்கும்தான் வரவில்லை, அன்று கடையில் நாமும்தான் வாயை மூடிக்கொண்டோம், இவளுக்காக மூடிக்கொண்டோம் என்றும் நினைத்தாள். எப்படி நினைத்தாலும் கசந்தது.

அதற்குப் பிறகு வெட்டும் வேலையைத் துளசி எடுத்துக்கொண்டாள். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒரு நாள் காலை மெஷின் முன்னால் போய் நின்றாள், அவன் விலகிக்கொண்டான். தேய்ந்த கிளாம்புக்கு அடியில் பழைய ரப்பர் விரிப்பை அளவாக வெட்டி ஒட்டினாள். தாளைச் சின்னச் சின்ன அடுக்காக வைத்தாள். நேரம் அதிகம் பிடித்தது. வெட்டு ஒழுங்காக வந்தது.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு முற்பகலில் ஈப்போ கார்டன் கடை வேன் வழக்கம்போல வந்து நின்றது. டிரைவர் பழுப்புத் தாள் சுற்றிய கட்டுகளை இறக்கி வைத்துவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிப் போனான். துளசி முதல் கட்டைப் பிரித்தாள். தந்த நிற அட்டை. மெரூன் எழுத்து, பொன் வேலைப்பாடு. பிச்சைமுத்து – முத்தம்மா தம்பதியரின் மகள் தினேஸ்வரி. அவள் போட்ட வடிவத்தையே கொடுத்துத்தான் அடித்திருந்தார்கள். அழைப்பவர்கள் இடத்தில் அண்ணன் யுகேந்திரன் என்று மட்டும் இருந்தது. அவள் பெயர் இருந்த இடத்தை அப்படியே வெற்றிடமாக விட்டிருந்தார்கள்.

அச்சடித்த சீனனுக்கு ஒன்றும் தெரியாது. அவனுக்கு வெட்ட வேண்டும், கட்டர் இருக்கும் இடத்துக்கு அனுப்பினான்.

யுகேந்திரன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தான். நான் வெட்டட்டுமா என்று மெதுவாகக் கேட்டான். வேண்டாம் என்றாள். தாளை விசிறிக் காற்றுப் புகவிட்டு, தட்டி ஒழுங்குபடுத்தி, அடியில் ஒன்றும் மேலே ஒன்றுமாகக் கழிவு அட்டை வைத்துக் கத்திக்கு அடியில் தள்ளினாள். வேறு எந்த வேலைக்கும் அவள் இவ்வளவு பொறுமையாகப் பார்த்து வைத்ததில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் தரை அதிர்ந்தது. வெட்டிய கார்டுகளைக் கட்டுக் கட்டாக மேசைமேல் அடுக்கினாள்.

அவன் ஒரு கட்டை எடுத்து ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். எங்கும் பிசிறில்லை. அவனுக்கு மனசு லேசாகிவிட்டது போலிருந்தது. கல்யாணத்துக்குக் கட்ட என்ன சேலை எடுக்கப் போகிறாய், நேரம் ஆகிக்கொண்டிருக்கிறதே, ஜாலான் லகாட் பக்கம் போய்ப் பார்ப்போமா என்று கேட்டான்.

துளசி அடுத்த அடுக்கைத் தட்டி நேராக்கினாள்.

"கல்யாணத்துக்கு நீங்க போயிட்டு வாங்க. அன்னிக்கு நான் கடையத் தொறந்து வைக்கிறேன்" என்றாள். "நல்ல மெஷின். சும்மா நிக்கக் கூடாது."